ஸ்டாம்ஃபோர்டில் ஆறு நாள், அம்மாவோடு

ஜூன் விடுமுறைக்கு ஸ்டாம்ஃபோர்ட் போகிறோம் என்று சொன்னதும் சிங்கப்பூரில் என் அலுவலகத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எது, சிட்டி ஹால் பக்கத்துல இருக்கே, அந்த ஹோட்டலா?" இல்லை, இது இங்கிலாந்தில், லிங்கன்ஷியர் மாவட்டத்தின் தெற்கு முனையில் இருக்கும் ஒரு சின்னச் சந்தை ஊர். சிங்கப்பூரை நிறுவிய நம்ம ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் பிறந்த ஊரா என்று அடுத்த கேள்வி வந்தது. அதுவும் இல்லை. அவர் 1781இல் ஜமைக்கா பக்கம் கடலில், கப்பலிலேயே பிறந்தவர். உண்மையைச் சொன்னால் நான் வரைபடத்தில் அந்த ஊரின் மேல் விரல் வைத்ததே பெயரைப் பார்த்துத்தான். பிறகு படிக்கப் படிக்க, சரி, இதுதான் நமக்கு ஏற்ற ஊர் என்று பிடித்துப்போயிற்று.

நமக்கு என்றால் நான், எழுபத்து நாலு வயது அம்மா, உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகன். அம்மாவுக்கு முட்டி வலி. முன்பு ஒருமுறை லண்டனில் ஏழு நாள் தங்கி, பாதாள ரயில் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியே அம்மா பாதி ஆள் ஆகிவிட்டார். அதனால் இந்த முறை ஒரே ஊர், ஒரே வீடு, காலையில் எங்காவது போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியில் சின்ன ரைஸ் குக்கர், ஐந்து கிலோ பொன்னி, ஊறுகாய். சிரிக்காதீர்கள், அந்தக் குக்கர்தான் பயணத்தையே காப்பாற்றியது.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறினால் பீட்டர்பரோவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே இறங்கிக் குட்டி ரயிலுக்கு மாறினால் கால் மணி நேரத்தில் ஸ்டாம்ஃபோர்ட். ரயில் நிலையம் 1848இல் கட்டியது, பார்க்க நிலையம் மாதிரியே இல்லை, பழைய ஜமீன் வீடு மாதிரி கல்லில் இருக்கிறது. "யார் வீட்டுக்குள்ள இறங்கியிருக்கோம்?" என்று அம்மா கேட்டார்.

வெளியே வந்து பார்த்தால் ஊரே அதே கல். கடை, வங்கி, தேவாலயம், மதுக்கடை எல்லாம் ஒரே நிறம். ஆங்கிலத்தில் தேன் நிறம் என்று எழுதுகிறார்கள், அம்மா பார்த்தவுடன் "மண்டை வெல்லம்" என்றார். அதுதான் சரி. மழை பெய்து நனைந்திருந்தபோது கொஞ்சம் கரைய ஆரம்பித்த வெல்லம் போலவே இருந்தது. எல்லாம் சுற்றுவட்டாரத்தில் பார்னாக், கெட்டன் போன்ற ஊர்களில் வெட்டிய சுண்ணாம்புக் கல். கூரையில் போட்டிருப்பதும் கல்தான், காலிவெஸ்டன் என்ற பக்கத்து ஊர்க் கல். அதை உளியால் பிளக்க மாட்டார்களாம். நிலத்தடியிலிருந்து பெரிய பாளமாக எடுத்து, தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்து, குளிர்காலம் முழுக்க வெளியில் போட்டுவிடுவார்கள். உள்ளே இறங்கிய ஈரம் பனியில் உறைந்து விரியும்போது கல் தானாக ஏடு ஏடாகப் பிரிந்துகொள்ளும். அந்தக் காலத்தில் பனி சரியாக விழாத வருடம் ஓடும் கிடைக்காது. ஓட்டிலும் ஒரு வரிசை உண்டு: தாழ்வாரத்தில் பெரியது, மேலே போகப் போகச் சின்னது. மகன் இதைக் கேட்டுவிட்டு ஆறு நாளும் அண்ணாந்துகொண்டே நடந்தான், இரண்டு முறை விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டான்.

இப்படி ஒரு ஊர் எப்படி இடிபடாமல் தப்பித்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. நான் பிறந்த அடுக்குமாடி புளோக்கை இடித்தே இருபது வருடம் ஆகிறது. இந்த ஊர் தப்பித்தது ஒரு துரதிர்ஷ்டத்தால். லண்டனிலிருந்து யார்க் வழியாக எடின்பரோ போகும் பெரிய வடக்குச் சாலை ஊருக்கு நடுவேதான் போனது. குதிரைக் கோச்சு ஓடிய காலத்தில் ஜார்ஜ் என்ற சத்திரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு வடக்கே போவது இருபது, தெற்கே போவது இருபது என்று நாற்பது கோச்சுகள் நின்றுபோகுமாம். அந்தச் சத்திரம் இன்றும் நடக்கிறது, பெயர்ப்பலகை தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு தோரணவாயில் மாதிரி குறுக்கே நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் இடமும் வலமும் இரண்டு அறைகள், ஒன்றில் லண்டன் என்றும் மற்றதில் யார்க் என்றும் எழுதியிருக்கிறது. அவரவர் போகிற திசைக்கு அந்தந்த அறையில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் புறப்பாட்டு வாயிலில் உட்காருகிற மாதிரிதான், தேநீர் மட்டும் நல்ல தேநீர்.

அப்புறம் ரயில் வந்தது. 1850களில் லண்டனிலிருந்து வடக்கே போன முக்கியப் பாதை ஸ்டாம்ஃபோர்டைத் தொடாமல் பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. அந்த ஊருக்கு ரயில் பட்டறை, செங்கல் சூளை, ஜனம் எல்லாம் போய்ச் சேர, இங்கே எதுவும் வரவில்லை. பணம் வரவில்லை என்றால் இடித்துக் கட்டவும் யாரும் வரமாட்டார்கள் இல்லையா? ஒரு நூறு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஊர் அப்படியே இருக்கிறது. 1967இல் இங்கிலாந்திலேயே பழைய கட்டடங்களுக்கான முதல் பாதுகாப்பு வட்டாரமாக ஸ்டாம்ஃபோர்டைத்தான் அறிவித்தார்கள்.

நாங்கள் எடுத்த வீடு செயின்ட் மார்ட்டின்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், வெல்லண்ட் ஆற்றுப் பாலத்திலிருந்து மேட்டில் ஏறும் தெருவில். அந்தத் தேவாலயத்தில் இரண்டு பேரை அவசியம் பார்க்க வேண்டும். வெளியே, பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் டேனியல் லாம்பர்ட். லெஸ்டர் சிறையில் காவல் அதிகாரியாக இருந்தவர், அந்தக் காலத்து உலகத்திலேயே பருமனான மனிதர் என்று பெயர் வாங்கியவர். 1809இல் குதிரைப் பந்தயத்துக்கு இந்த ஊருக்கு வந்த இடத்தில் விடுதி அறையிலேயே இறந்துபோனார். வயது 39, எடை 335 கிலோ. உடலை வெளியே எடுக்கச் சுவரை இடித்திருக்கிறார்கள், சவப்பெட்டிக்கு அச்சும் சக்கரமும் வைத்து, குழிக்குச் சரிவாக வழி வெட்டி, இருபது பேர் சேர்ந்து அரை மணி நேரம் போராடி இறக்கியிருக்கிறார்கள். அம்மா கல்லைத் தொட்டு, "பாவம், நல்ல மனுஷனா இருந்திருப்பான், இல்லாட்டி இருபது பேரு வருவாங்களா" என்றார்.

உள்ளே இருப்பவர் வேறு ரகம். வில்லியம் சிசில், பர்லி பிரபு, முதலாம் எலிசபெத் அரசியின் தலைமை அமைச்சர். நாற்பது வருடம் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று நாட்டை ஓட்டியவர், 1598இல் இறந்தார். கவசம் போட்டு, கையில் கோலோடு சிலையாகப் படுத்திருக்கிறார். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் பின்னாலேயே வந்தார்.

வெள்ளிக்கிழமை சந்தை. பிராட் ஸ்ட்ரீட் முழுக்கக் கூடாரம். எனக்குப் பழைய கதவுக் கைப்பிடி விற்கும் கடைகள், அம்மாவுக்குக் காய்கறி. தேக்கா ஈரச்சந்தையில் ஐம்பது வருடம் பேரம் பேசிய கை, சும்மா இருக்குமா? அவரைக்காய் மாதிரி இருந்த ஒன்றை ஒடித்துப் பார்த்தார், கடைக்காரர் முகம் மாறியது. அப்புறம் அவரே ஸ்ட்ராபெர்ரி ஒன்றை எடுத்து நீட்டி, "சாப்பிட்டுப் பாருங்க, டக்" என்றார். அந்தப் பக்கத்துப் பேச்சில் டக் என்றால் கண்ணு, தங்கம் என்கிற மாதிரி. அம்மாவுக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் வந்ததும், "ஏன்டி அவன் என்னை வாத்துங்கிறான், நான் நடக்கறதப் பாத்துச் சொல்றானா?" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு திரும்பிப் போய் அவரிடமே இன்னும் இரண்டு டப்பா வாங்கினார். சீஸ் கடையில் ஸ்டில்டனை மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால் ஸ்டில்டன் என்பது பீட்டர்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஊர், ஆனால் அந்தச் சீஸை அந்த ஊரில் செய்யச் சட்டம் விடாது. டெர்பிஷியர், லெஸ்டர்ஷியர், நாட்டிங்கம்ஷியர் மூன்றிலும்தான் செய்யலாம். ஸ்டில்டனில் கோச்சு நிற்கும் சத்திரத்தில் விற்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா மோந்து பார்த்துவிட்டுப் பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

சந்தை நடக்கும் தெருவில்தான் பிரௌன்ஸ் ஹாஸ்பிட்டல் இருக்கிறது. மருத்துவமனை இல்லை, 15ஆம் நூற்றாண்டில் வில்லியம் பிரௌன் என்ற கம்பளி வியாபாரி ஏழை முதியவர்களுக்குக் கட்டிய இல்லம். இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். ஐந்நூறு வருட வாடகைதாரர் பட்டியல்!

நம்மாட்கள் கேட்டால் நம்பமாட்டார்கள், இந்த ஊரில் காளை விரட்டும் இருந்திருக்கிறது. வருடா வருடம் நவம்பர் 13ஆம் தேதி கடைகளை அடைத்து, சந்துகளை மறித்து, காளையைத் தெருவில் அவிழ்த்துவிட்டு ஊரே துரத்தும். பாலத்திலிருந்து அதை ஆற்றில் தள்ளிவிட்டால் ஜெயம். ஜல்லிக்கட்டு இல்லை, ஏனென்றால் கடைசியில் கொன்று கறியைப் பங்கு போட்டுவிடுவார்கள். ஆனால் விலங்கு வதை என்று ஒரு பக்கம் எதிர்ப்பு, எங்கள் ஊர் வழக்கம் என்று இன்னொரு பக்கம் பிடிவாதம், நடுவில் படை, போலீஸ் என்று எல்லாம் நடந்து 1839இல்தான் நின்றிருக்கிறது. மெரினாவில் 2017இல் நின்ற என் சித்தப்பா மகனுக்கு இதை வாட்ஸாப்பில் அனுப்பினேன், உடனே பதில் வந்தது: "நாங்க ஜெயிச்சோம்ல."

பர்லி மாளிகை ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான், பூங்கா வழியாக நடக்கலாம், பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அம்மா டாக்ஸியில், நாங்கள் இருவரும் நடந்து. சிசில் 1555இல் தொடங்கி 1587 வரை கட்டிய வீடு. கூரையைப் பார்த்தால் வீட்டின் மேல் இன்னொரு ஊர் இருக்கிற மாதிரி கோபுரமும் தூண் தூணாகப் புகைபோக்கியும். உள்ளே வெரியோ என்ற இத்தாலிய ஓவியர் ஒரு அறை முழுக்கச் சொர்க்கம் வரைந்திருக்கிறார், சுவரில் ஆரம்பித்துக் கூரை வரை தேவர்கள் உருண்டுகொண்டிருக்கிறார்கள். அடுத்து நரகப் படிக்கட்டு: மேலே ஒரு ராட்சசப் பூனை வாயைத் திறந்திருக்க, அதற்குள் ஆட்கள் விழுகிறார்கள். மகன் சுருக்கமாகச் சொன்னான், "ஹா பார் வில்லா." எனக்கும் அதுதான் தோன்றியது. சின்ன வயதில் அந்தச் சிங்கப்பூர்ப் பூங்காவில் பத்து நரகங்களையும் சிலைகளாகப் பார்த்து அழுதவள் நான், வெரியோ அந்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை.

அம்மா அசையாமல் நின்றது பழைய சமையலறையில். உயரமான கல் கூரை, அதன் கீழே சுவர் முழுக்கச் செப்புப் பாத்திரம், பெரியது சின்னது என்று அடுக்கி, எல்லாம் பளபளவென்று. உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு சுவர் முன் நின்றார். அங்கே வரிசையாக மண்டை ஓடுகள். எல்லாம் கடலாமை, சூப் வைத்துக் குடித்த மிச்சம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இங்க பாரு, இத்தனை ஆமை புகுந்திருக்கு, நானூறு வருஷமா ஜம்முனு இருக்காங்க!" என்றார். பக்கத்தில் நின்ற வழிகாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டார். அமீனாவை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

மூன்றாம் நாள் பீட்டர்பரோ. ஊர் சுமார்தான், தேவாலயம் பிரமாதம். முகப்பில் மூன்று பிரம்மாண்ட வளைவுகள், உள்ளே 13ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய மரக்கூரை. எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி கேத்தரின் 1536இல் இங்கேதான் அடக்கம். அவருடைய சின்னம் மாதுளை என்பதால் கல்லறை மேல் யாரோ இரண்டு மாதுளம்பழம் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது படையலாகத் தெரிந்தது, கைப்பையில் இருந்த ஆப்பிளையும் பக்கத்தில் வைத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து அரசி மேரியை 1587இல் புதைத்த இடம். மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு அரசனான பிறகு 1612இல் அம்மாவை வெஸ்ட்மின்ஸ்டருக்கு எடுத்துப்போய்விட்டான். இந்த இரண்டு ராணிகளுக்கும் குழி வெட்டியது ஒரே ஆள், ராபர்ட் ஸ்கார்லெட். 98 வயது வரை இருந்திருக்கிறார். மண்வெட்டியோடு அவர் படம் வாசலுக்கு மேலே இருக்கிறது, ராஜாக்களுக்குக்கூட அவ்வளவு பெரிய படம் அங்கே நான் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் லிங்கன் ரோட்டில் கறிவேப்பிலையும் தயிரும் கிடைத்தன. அன்று ராத்திரி ரசம் சோறு. ஒன்பதரை வரை வெளிச்சம் போகவே இல்லை, "விளக்கு வைக்கிற நேரம் எப்பத்தான் வரும்?" என்று அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மேரியைப் பார்த்ததால் ஃபாதரிங்கேயும் போக வேண்டியதாயிற்று. பேருந்தை நம்பவேண்டாம், டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். போனால் கோட்டை இல்லை. நீன் ஆற்றோரம் ஒரு புல் மேடு, கம்பி வேலிக்குள் சரிந்து கிடக்கும் ஒரே ஒரு கல் கட்டித் துண்டு, சுற்றி ஆடுகள். மூன்றாம் ரிச்சர்ட் 1452இல் பிறந்தது இங்கே, மேரியின் தலையை 1587 பிப்ரவரி 8ஆம் தேதி வெட்டியதும் இங்கே. எலிசபெத் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுப்பத் தயங்கிக்கொண்டிருக்க, அவருக்குச் சொல்லாமலே மற்ற அமைச்சர்களைக் கூட்டி அனுப்பிவைத்தது யார் தெரியுமா? நம்ம தெருத் தேவாலயத்தில் படுத்திருப்பவர்தான். அவர் வீட்டு வேலை முடிந்த வருடமும் 1587. தலை விழுந்த பிறகு மேரியின் பாவாடைக்குள்ளிருந்து அவளுடைய குட்டி நாய் வெளியே வந்து, உடலை விட்டு நகர மறுத்ததாம். மகன் இதைக் கைப்பேசியிலிருந்து படித்துக் காட்டினான். அம்மா மேட்டுக்கு ஏறவில்லை, கீழே கல்லில் உட்கார்ந்திருந்தார். "அந்த நாயை யார் வெச்சுக்கிட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்து அன்று சாயங்காலம் தேவாலயத்தைக் கடக்கும்போது சிசில் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

நியூட்டன் பிறந்த வுல்ஸ்தோர்ப் மகனுக்காக. 1820இல் புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே மறுபடி வேர் பிடித்த ஆப்பிள் மரம், தட்டி வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். 1665இல் பிளேக் வந்து கேம்பிரிட்ஜ் மூடியதால் வீட்டுக்கு வந்த பையன் இந்தத் தோட்டத்தில்தான் உட்கார்ந்து யோசித்தான் என்றேன். "கோவிட்ல நீயும் வீட்ல இருந்தியே" என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசி நாள் ரட்லண்ட். ரயிலில் அடுத்த நிறுத்தம் ஓக்கம், அதுதான் ரட்லண்டின் தலைநகர். இங்கிலாந்தின் மிகச் சின்ன வரலாற்று மாவட்டம், சிங்கப்பூரில் பாதியளவு, ஜனத்தொகை 41,000. எங்கள் தெம்பனிஸ் பேட்டையில் நாலு தெருவில் அடங்கிவிடும். 1974இல் லெஸ்டர்ஷியரோடு சேர்த்துவிட்டார்கள், விடாமல் சண்டை போட்டு 1997இல் பிரிந்து வந்துவிட்டார்கள். சின்னதுக்குள் நிறைய என்பது அவர்கள் சின்னத்தில் லத்தீனில் எழுதியிருக்கும் வாசகம். சின்னச் சிவப்புப் புள்ளி என்று பெயரெடுத்த சிங்கப்பூரிலிருந்து போனவர்களுக்கு இதெல்லாம் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அங்கே 1970களில் ஒரு பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்பி, பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு குக்கிராமம் தண்ணீருக்குள் போயிற்று. நார்மன்டன் தேவாலயத்தை மட்டும் ஊரார் விடவில்லை, கீழ்ப்பாதியைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிக் கரை கட்டிக் காப்பாற்றினார்கள். அதனால் இப்போது தண்ணீரில் இடுப்பு வரை இறங்கி நிற்கிற மாதிரி நிற்கிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்து பழகிய எனக்கு அந்தக் காற்றும் வெட்டவெளியும் ரொம்பப் பிடித்தது, ஒரு மரத்து நிழல்கூட இல்லாமல். 2021இல் தண்ணீரை இறக்கியபோது இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் பத்து மீட்டர் நீள எலும்புக்கூடு சேற்றில் கிடைத்ததும் இங்கேதான். ஆஸ்பிரே என்ற மீன்பிடிக் கழுகை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. பேருந்தும் படவில்லை. அட்டவணையில் இருந்த வண்டி வராமல் ஐம்பது நிமிடம் காற்றில் நின்றோம், நாய் கூட்டிவந்த ஒரு பெண்மணி டாக்ஸிக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

ஓக்கம் கோட்டையைக் கடைசியில் வைத்துச் சொல்கிறேன், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோட்டை என்றால் 12ஆம் நூற்றாண்டு மண்டபம் ஒன்று மட்டும். சுவர் முழுக்கக் குதிரை லாடம், இருநூறுக்கும் மேல், சில நம் உயரத்துக்கு. முதல் முறையாக ஊருக்குள் வரும் ராஜ வம்சத்தாரும் பிரபுக்களும் ஒரு லாடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், பல நூறு வருடமாக வசூல் நடக்கிறது. நான்காம் எட்வர்டு கொடுத்தது 1470 வாக்கில். மற்ற ஊர்களில் அதிர்ஷ்டம் கொட்டிவிடாமல் இருக்க லாடத்தின் வாய் மேலே பார்க்க மாட்டுவார்கள், இங்கே எல்லாம் கவிழ்த்து மாட்டியிருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் அந்தக் குழிவில் சாத்தான் வந்து கூடு கட்டிக்கொள்வானாம்.

அம்மா வெள்ளிக்கிழமைச் சந்தையிலேயே துருப்பிடித்த லாடம் ஒன்றை மூன்று பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்தார். இப்போது அது ஈசூனில் எங்கள் வீட்டு வாசலில், மாவிலைத் தோரணத்துக்கு மேலே, கவிழ்ந்து தொங்குகிறது. எதிர்வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டு, தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களே, இருக்கிற நல்லதெல்லாம் கொட்டிவிடுமே என்று பதறினார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், பேய் குந்தாமல் இருக்கத்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி சமாதானம் ஆகவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் லாடம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை.